டைனமோ மேல் பழி, தவறு வேறிடத்தில்: மோரிஸ் மைனர் சார்ஜிங் பழுதும் என் தீர்ப்பும்

நண்பர் ஒருவர் மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் வாங்கப் போகிறார். "டைனமோவை அப்படியே வெச்சிக்கலாமா, இல்ல எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டுடலாமா?" என்று கேட்டார். இரண்டுமே என்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கி விளக்குகளுக்கும் பேட்டரிக்கும் கொடுப்பவை; டைனமோ பழைய முறை, ஆல்டர்னேட்டர் பின்னால் வந்தது. அவர் கேட்ட நேரத்தில்தான், பல மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்த ஒரு பழுதைச் சரிசெய்து முடித்திருந்தேன். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இந்தப் பதிவு.

என்னுடையது மைனர் 1000. சி40 மாடல் டைனமோ, அதோடு இரண்டு காயில் கொண்ட பழைய கட்-அவுட் பெட்டி (டைனமோவின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், டைனமோ தராதபோது அதைப் பேட்டரியிலிருந்து பிரிக்கும் கட்-அவுட்டும் இதற்குள்தான்). இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு மற்ற விவரங்கள் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 300 வாட். ஹெட்லைட், டெயில் லைட், இக்னிஷன் காயில், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பேட்டரிக்கும் அதிலிருந்தே மிச்சம் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

பகலில் வண்டியில் ஒரு குறையும் கிடையாது. இருட்டி, ஹெட்லைட் போட்டதும் தொல்லை ஆரம்பமாகும். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கு மெல்ல ஒளிரும். முழுதாக எரியாது, முழுதாக அணையவும் அணையாது. தெருவிளக்குக்குக் கீழே போனால் தெரியாது, தாண்டியதும் மறுபடி தெரியும். பேட்டரியோ ஒருநாள்கூட இறங்கியதில்லை, காலையில் செல்ஃப் ஒரே சுற்றில் பிடிக்கும். அப்படியானால் எதற்காக இந்த விளக்கு? ராத்திரி ஓட்டும்போதெல்லாம் கண் ரோட்டுக்கும் அந்தச் சிவப்புப் புள்ளிக்குமாக அலைந்தது. பழைய வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

கேட்டவர்கள் எல்லோரும் டைனமோவையே கைகாட்டினார்கள். வண்டியைப் பார்த்த எலெக்ட்ரீஷியனும் அதையேதான் சொன்னார். கழற்றினார், சுழலும் பாகத்திலிருந்து கரன்ட் எடுக்கும் கார்பன் கட்டைகளை மாற்றினார், அவை உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து, செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள மைக்காவையும் தாழ்த்திக் கொடுத்தார். வேலை சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல மாட்டேன். விளக்கு மட்டும் பழையபடியே ஒளிர்ந்தது. "அப்ப கட்-அவுட்டுதான் சார்" என்று புதுப் பெட்டி ஒன்றைப் போட்டார்கள். பார்க்கப் பழையதின் அச்சு அசல். உள்ளே வோல்டேஜ் அளவு எக்குத்தப்பாக வைக்கப்பட்டிருந்தது. பேட்டரி தண்ணீர் கொதிக்காத குறை. அதைக் கழற்றிவிட்டு என் பழைய பெட்டியையே திரும்ப மாட்டச் சொன்னேன். தூண்டில் போடும் இடத்தில் மீன் இல்லையென்றால் தூண்டிலை மாற்றி என்ன பயன்?

அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பலரும் அது டைனமோ வேலை செய்யாததைச் சொல்லும் விளக்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு டைனமோவையும் தெரியாது, பேட்டரியையும் தெரியாது. அதன் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை வயரில், இன்னொரு முனை டைனமோ மின்சாரத்தை வெளியே தரும் டி முனையில். இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் இருந்தால் அணைந்திருக்கும், வித்தியாசம் இருந்தால் எரியும். எந்தப் பக்கம் கூடுதல் என்பது பல்புக்கு ஒரு பொருட்டே இல்லை. என்ஜின் நின்றிருக்கும்போது டைனமோ பக்கம் பூஜ்யம், அதனால் பளிச்சென்று எரிகிறது. ஓடும்போது டைனமோ பக்கம் ஒன்றரை, இரண்டு வோல்ட் கூடுதலாக நின்றாலும் எரியும், ஆனால் மங்கலாக.

இதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். வேகம் கூடக்கூட விளக்கு மங்கிக்கொண்டே போனால் டைனமோவுக்கு வலு போதவில்லை. பெல்ட், கார்பன், கம்யூட்டேட்டர் இவற்றைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் நடந்தது வேறு. ஐடிலிங்கில் எரியும். கொஞ்சம் மிதித்தால் முழுவதும் அணையும். இன்னும் மிதித்தால் மறுபடி மெல்லச் சிவக்க ஆரம்பிக்கும். இதற்கு ஒரே அர்த்தம்தான்: டைனமோ நன்றாகவே உற்பத்தி செய்கிறது, அது போய்ச் சேரும் வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பைத் தேடுவதற்கு மல்டிமீட்டரில் 'பீப்' வைத்துப் பார்ப்பது வீண் வேலை. எலெக்ட்ரீஷியன் எல்லா வயரையும் அப்படித்தான் பார்த்தார், எல்லாமே பீப் என்றது. பீப் என்பதற்கு இணைப்பு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். ஓமின் பத்தில் ஒரு பங்கு தடை மீட்டரின் வயருக்கே இருக்கும், அதைப் பிரித்துக் காட்டச் சாதாரண மீட்டரால் முடியாது. ஆனால் அதே சின்னத் தடை வழியாகப் பத்து ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் காணாமல் போகும். எனவே கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை வழியின் தொடக்கத்திலும் இன்னொன்றை முடிவிலும் வையுங்கள். என்ஜின் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும், உள்ளே ஒருவர் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சட்டைக் கை ஃபேன் பெல்ட்டின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் டைனமோ வயர் வந்து சேரும் டி முனைக்கும் ஃபியூஸில் இருக்கும் வெள்ளை வயருக்கும் நடுவே வைத்தேன்: 1.8 வோல்ட். விளக்கு ஒளிர இது தாராளம். அப்புறம் துண்டு துண்டாகப் பார்த்தேன். டி-யிலிருந்து ஏ1 முனை வரை, அதாவது பெட்டிக்குள்ளே, 0.5. இக்னிஷன் சுவிட்சில் 0.2. மீதி 1.1 வோல்ட் முழுவதும் ஏ1 முனையின் திருகுக்கும் அதற்குள் நுழையும் வயருக்கும் நடுவே, ஓர் அங்குல இடத்துக்குள்! ஹெட்லைட் சுவிட்சுக்கும் இக்னிஷன் சுவிட்சுக்கும் கரன்ட் போவது இந்த ஏ1 வழியாகத்தான். பகலில் இக்னிஷன் லோடு மட்டும் போவதால் இழப்பு குறைவு, விளக்கு அணைந்திருக்கிறது. ராத்திரி ஹெட்லைட்டும் சேர்ந்ததும் காட்டிக்கொடுக்கிறது. என்ஜினை நிறுத்தி அந்தத் திருகைத் தொட்டேன், நன்றாகச் சுட்டது.

பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டுத் திருகைத் தளர்த்தினேன். வயர் கையோடு வந்துவிட்டது. செப்பு இழைகளில் பாதி, திருகு அழுத்திய இடத்திலேயே அறுந்திருந்தன. மீதி இழைகள் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்து, விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தன. மேல் உறை வெப்பத்தில் இறுகிப் பழுப்பேறியிருந்தது. இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் ஒரு டைனமோவைப் பிரித்து, ஒரு பெட்டியை மாற்றி, இத்தனை நாள் அலைந்தது. எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. வயது ஆன வண்டி, வயரும் வயதாகும், பெட்டியைச் செய்தவர்கள் மேல் குற்றமே இல்லை. ஆனால் திருகைத் தளர்த்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

பளபளக்கும் செப்பு தெரியும்வரை வயரை வெட்டி, அதே தடிமனில் புதுத் துண்டு சேர்த்து, திருகு இறங்கும் துளையையும் சுரண்டிச் சுத்தம் செய்தேன். கையோடு பெட்டியைத் திறந்து கட்-அவுட்டின் பாயின்டுகளையும், அதாவது தொட்டும் விலகியும் கரன்ட்டை விடும் முனைகளையும், பார்த்தேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்-அவுட் பாயின்டு வெள்ளி, மென்மையானது. மெல்லிய உப்புத்தாளை நாடாபோல் கிழித்து நடுவே விட்டு இழுத்தால் போதும், எமரி கூடவே கூடாது. பக்கத்திலிருக்கும் ரெகுலேட்டர் பாயின்டு டங்ஸ்டன், கெட்டியானது, அதற்கு மெல்லிய கார்போரண்டம் கல்தான் சரி. கடைசியில் இரண்டையும் ஸ்பிரிட்டில் துடைத்துவிட வேண்டும். பெட்டியை வண்டியின் உடம்போடு இணைக்கும், ஈ என்று போட்டிருக்கும் எர்த் திருகையும் மறக்காதீர்கள். அது விட்டுப்போனால் ரெகுலேட்டருக்கு வோல்டேஜ் எவ்வளவு என்றே தெரியாமல் போய், டைனமோ கட்டுப்பாடில்லாமல் ஏறி பல்புகளைச் சுட்டுவிடும்.

மறுபடி அளந்தேன். 1.8 இருந்த இடத்தில் 0.5. ராத்திரி ஓட்டிப் பார்த்தேன், சிவப்புப் புள்ளி இல்லை. ஹெட்லைட் வெளிச்சமே முன்னைவிட வெள்ளையாகத் தெரிந்தது. இழந்துகொண்டிருந்த ஒரு வோல்ட் இப்போது பல்புக்குப் போகிறது, வேறு மாயமில்லை.

சிலர் இந்த விளக்கில் எல்.இ.டி பல்பு போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எல்.இ.டி ஒரு பக்கம் கரன்ட் போனால்தான் எரியும். டைனமோ பக்கம் கூடுதலாக இருப்பதால் வரும் இந்த மங்கல் ஒளி அதில் வரவே வராது. பழுது அப்படியே இருக்கும், சொல்லத்தான் ஆள் இருக்காது.

டைனமோவைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். இத்தனை பழி சுமந்தும் அது ஒருமுறைகூட என்னை ரோட்டில் நிறுத்தவில்லை. பின்னால் இருக்கும் இரண்டு நீள போல்ட்டைக் கழற்றினால் மொத்தமும் கையில் வந்துவிடும். உள்ளே டயோடு இல்லை, சர்க்யூட் இல்லை, எல்லாமே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் சாமான். பின்பக்க புஷ்ஷுக்கு அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் விட்டால் போதும்; அதிகம் விட்டால் கம்யூட்டேட்டருக்குப் போய்விடும். சோதிப்பதும் சுலபம். இரண்டு வயரையும் கழற்றி, டி முனைக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்து என்ஜினை மிதமாக ஓட்டினால் 1.5-லிருந்து 3 வோல்ட் வரை காட்டும். அது இரும்பில் தங்கியிருக்கும் காந்தத்தின் வேலை. பிறகு டி முனையையும், உள்ளிருக்கும் காந்தச் சுருளுக்குப் போகும் எஃப் முனையையும் இணைத்துவிட்டு வேகத்தை மெல்லக் கூட்டினால் 20 வோல்ட்டைத் தொட வேண்டும், அதற்குமேல் விரட்டக்கூடாது. அந்தத் தங்கிய காந்தத்தால், பேட்டரி அடியோடு இறங்கியிருந்தாலும் என்ஜின் ஓடினால் டைனமோ தானாகவே எழுந்துகொள்ளும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களுக்கு முதலில் பேட்டரி கொஞ்சம் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொல்லப்போகும் பதில்: ஆல்டர்னேட்டர் போட்டுவிடுங்கள்.

ஆமாம், மாற்றிச் சொல்லவில்லை. அவர் அலுவலகம் விட்டு இருட்டிய பிறகு நெரிசலில் ஊர்ந்து வீட்டுக்குப் போகிறவர். ஐடிலிங்கில் டைனமோ எதையும் தராது, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஹெட்லைட் பேட்டரியைத்தான் உறிஞ்சும். மழை வந்து வைப்பரும் ஓடினால் கணக்கு இன்னும் மோசம். 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி செய்த வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரையே வழக்கமான சாமானாகப் பொருத்தி விற்க ஆரம்பித்தார்கள், பின்னால் மற்றவர்களும் மாறினார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான், குறைந்த வேகத்திலும் சார்ஜ். டைனமோவுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். அதோடு வரும் கட்-அவுட் பெட்டி, திருகுகள், ஐம்பது அறுபது வருட வயர் எல்லாம் சேர்த்த மொத்த அமைப்புக்கு இன்றைக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு நாள் கேட்டால் மூன்று சொல்வேனோ என்னவோ.

மாற்றுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, வண்டி பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறதா என்று. இன்றைக்குக் கிடைக்கும் ஆல்டர்னேட்டர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கே செய்யப்பட்டவை. பேட்டரியைத் திருப்பினால் இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் மாற்றிப் போட வேண்டும், பழைய ரேடியோ இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது, சார்ஜ் விளக்கின் பல்பு. ஆல்டர்னேட்டரில் அது அலங்காரமில்லை, முதல் கரன்ட் அது வழியாகத்தான் போகிறது, பல்பு போனால் சார்ஜே ஏறாமல் போகலாம். மூன்றாவதுதான் முக்கியம். ஆல்டர்னேட்டர் 35, 45 ஆம்பியரை அதே பழைய பழுப்பு வயரில் தள்ளும். எனக்கு 1.1 வோல்ட் தின்ற மாதிரி ஒரு திருகு உங்கள் வண்டியிலும் இருந்தால் அது இன்னும் சுடும். வண்டியை எடுத்ததும் ஹெட்லைட் போட்டு வோல்ட் இழப்பை அளந்துவிட்டு, பேட்டரிக்குப் போகும் அந்த வயரைத் தடிமனாக மாற்றிய பிறகு ஆல்டர்னேட்டரை வாங்குங்கள். கழற்றும் டைனமோவை விற்க வேண்டாம், எனக்குக் கொடுங்கள்.