‘அடிமைகள் தப்பிய பாதையின் குவில்ட்’ என்று விற்கிறார்கள், கவனம்

பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் பழம்பொருள் கடைகளுக்குப் போகிற நண்பர்கள், அதிலும் பழைய அமெரிக்கக் குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த விரிப்பு) ஒன்று வாங்கி வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 1850-களில் தைத்தது என்று சொல்லி என்னிடம் 1,850 டாலர் வாங்கினார்கள். எனக்குக் கிடைத்தது வேறு காலத்துத் துண்டுகளை எடுத்து, புதுப் பஞ்சும் புதுத் துணியும் வைத்துத் தைத்து, தேநீர்ச் சாயத்தில் முக்கிப் பழசாக்கிய ஒரு விரிப்பு. இதே கதையோடு இன்னொரு குவில்ட் அதே ஸ்டாலில் இப்போதும் தொங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடை என்றால் ஒரே கூரையின் கீழ் பல வியாபாரிகள் ஆளுக்கொரு ஸ்டால் எடுத்து நடத்தும் பெரிய கொட்டகை. பெயர் சொல்லப்போவதில்லை, சட்டரீதியான புகார் நிலுவையில் இருக்கிறது. விற்றவர் வயதானவர், மிக மரியாதையாகப் பேசினார். குவில்ட் ‘லாக் கேபின்’ வகை. நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றி மரவீட்டின் கட்டைகளை அடுக்கியதுபோல நீளத் துணிப்பட்டைகள், ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி அடர் நிறம். வழக்கமாக நடுச் சதுரம் சிவப்பாக இருக்கும், அது அடுப்பின் நெருப்பு என்பார்கள். இதில் எல்லாக் கட்டத்திலும் நடுச் சதுரம் கறுப்பு.

அந்தக் கறுப்பைத்தான் அவர் விற்றார். “இந்தக் கறுப்புச் சதுரம் ஒரு அடையாளம் அம்மா. தெற்கிலிருந்து தப்பி வரும் அடிமைகளுக்கு, இந்த வீட்டில் ஒளிந்துகொள்ளலாம் என்று வேலியில் தொங்கவிட்டுக் காட்டுவார்கள். செஸ்டர் கவுண்டியில் ஒரு குவேக்கர் குடும்பத்திடமிருந்து வந்தது” என்றார். குவில்ட்டில் குத்தியிருந்த அட்டையிலும் அதே வாசகம், 1855 வாக்கில் என்ற காலக்குறிப்புடன். செஸ்டர் கவுண்டியில் குவேக்கர்கள், அதாவது அடிமைமுறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர், தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது உண்மை வரலாறு. கதை நம்பும்படி இருப்பதே அதனால்தான். உண்மையான ஊர், உண்மையான மக்கள், நடுவில் ஒரு பொய்.

குவில்ட் மூலம் ரகசியக் குறியீடு அனுப்பினார்கள் என்ற கதை நாடு முழுக்கப் பரவியது 1999-ல் வெளியான ஒரு புத்தகத்துக்குப் பிறகு. அதற்கு ஆதாரமாக இருந்தது, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் சந்தையில் குவில்ட் விற்ற ஒரு பெண்மணி தன் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டதாகக் கூறிய செய்தி. அடிமைத்தனத்தில் வாழ்ந்து முதுமை வரை இருந்தவர்களை 1936 முதல் 1938 வரை அரசாங்கத் திட்டம் ஒன்று தேடிப் போய்ப் பேட்டி எடுத்தது. 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள். குவில்ட் தைத்ததைப் பற்றி அவற்றில் நிறையவே இருக்கிறது. குறியீடு பற்றி இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். இதைவிட நெருக்கமான சாட்சி பிலடெல்பியாவில் இருந்த வில்லியம் ஸ்டில். தப்பி வந்த நூற்றுக்கணக்கானவர்களை நேரில் உட்காரவைத்து, எங்கிருந்து வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று எழுதிவைத்து, 1872-ல் அச்சிட்டார். பெட்டிக்குள் அடைபட்டு வந்தவர், கப்பலில் ஒளிந்து வந்தவர், ஆண் வேடத்தில் வந்த பெண் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். குவில்ட்டைப் பார்த்து வழி கண்டுபிடித்தவர் இல்லை.

கூடவே இன்னொன்று. தேதி தைத்த லாக் கேபின் குவில்ட்களில் இன்றுவரை தெரியவந்த மிகப் பழையவை 1860-களைச் சேர்ந்தவை. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகுதான் அந்த வடிவம் வீடு வீடாகப் பரவியது. 1855-ல் வேலியில் தொங்கியதாகச் சொல்வதற்கு அடிப்படையே கிடையாது.

கதை இப்படி. துணி என்ன சொல்லியது என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் கதையை யாரும் மாற்றிச் சொல்லலாம்.

சுவரில் மாட்டும் கம்பி நுழையப் பின்பக்கம் முறையாக ஒரு துணிக்குழாய் தைக்க வேண்டும், காப்பீட்டுக்கும் மதிப்பு வேண்டும் என்பதற்காக, அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி சான்று பெற்ற ஒரு மதிப்பீட்டாளரிடம் கொண்டுபோனேன். அந்த அம்மாள் வெள்ளைத் துணி விரித்த மேசையில் அதைப் பரப்பி, முதலில் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஓரப்பட்டியைத்தான் விரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். எந்தக் குவில்ட்டிலும் முதலில் நைந்து போவது ஓரம். கட்டிலில் உராய்வதும், கைகள் பிடித்து இழுப்பதும் அங்கேதான். இதில் நடுக் கட்டங்களில் பட்டைகள் பொடிந்து உதிர்ந்திருக்க, ஓரம் மட்டும் ஒரு நூல்கூடப் பிரியாமல் இருந்தது. “இந்த ஓரத்துக்கும் இந்த நடுவுக்கும் வயது ஒன்றல்ல” என்றார்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா விளக்கைப் பிடித்தார். மேலே இருந்த கட்டங்கள் இருட்டாகவே கிடந்தன. அவற்றின் மேல் ஓடிய தையல் நூல் மட்டும் நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தது. துணியையும் நூலையும் வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிரும் ரசாயனங்கள் 1940-களுக்குப் பிறகு பரவலாக வந்தவை. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்று அவரே எச்சரித்தார்: பழைய குவில்ட்டை இக்காலச் சோப்புத்தூளில் துவைத்தாலும் அது ஒளிரும். ஆனால் அப்படித் துவைத்திருந்தால் எல்லாமே சேர்ந்து ஒளிர வேண்டும். நூல் மட்டும் ஒளிர்ந்தால், நூல் பின்னால் வந்து சேர்ந்தது.

என் சம்மதத்தோடு ஓரப்பட்டியில் ஓர் அங்குலம் பிரித்தார். மடிப்புக்கு உள்ளே, வெளிச்சமே படாத இடத்திலும், அடித்துணி வெளியே இருந்த அதே பழுப்பு நிறம். காலத்தால் பழுத்த துணி அப்படி இருக்காது. திட்டுத்திட்டாக, மடிப்பின் விளிம்பில் அடர்ந்து, உள்ளே வெளிறி இருக்கும். தைப்பதற்கு முன்பே மொத்தத் துணியையும் தேநீரிலோ காபியிலோ ஊறவைத்தால்தான் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு வரும். அதில் உள்ள அமிலத்தன்மை நூலிழையை மெல்ல அரிக்கவும் செய்யும். உள்ளே இருந்த பஞ்சோ, வெள்ளை வெளேரென்று, அமுக்கினால் எழும்பி வரும் பாலியஸ்டர். ஒரு நூல்துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினார். பருத்தி என்றால் சாம்பலாகும். இது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது.

மேல்கட்டங்கள் மட்டும் பழையவை. அதிலும் 1855 இல்லை. வெள்ளைக் கோலமிட்ட அவுரி நீலம், சாம்பலும் கறுப்புமாக அச்சிட்ட துக்க உடைத் துணிகள், அடர் ஒயின் நிறம், மெல்லிய கோடு போட்ட சட்டைத் துணி. இவை சேர்ந்து வருவது 1890-களிலும் அதை ஒட்டியும். நடுச் சதுரத்தின் கறுப்பே அதற்குச் சாட்சி. அந்தக் காலத்துக்கு முன் பருத்தியில் நிலைத்து நிற்கும் கறுப்பு அரிது. பழுப்பாக வெளிறும், அல்லது இரும்பு சேர்த்த சாயமாக இருந்தால் துணியையே தின்றுவிடும். என்னுடையதில் கறுப்பு இன்னும் கருகருவென்று இருக்கிறது. எந்தச் சதுரத்தைக் காட்டி அடிமைகளின் அடையாளம் என்று விலை ஏற்றினாரோ, அதே சதுரம்தான் அவர் சொன்ன தேதியைப் பொய்யாக்கியது.

யாரோ ஒரு பெண் 1890-களில் இந்தக் கட்டங்களைத் தைத்து, முடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்படி முடிக்காத மேல்துணிகள் அமெரிக்க வீடுகளின் பரண்களில் நிறையக் கிடைக்கும், விலையும் குறைவு. ‘பழைய மேல்துணி, அண்மையில் முடித்தது’ என்று எழுதி விற்றால் அது நேர்மையான வியாபாரம், நானே வாங்கியிருப்பேன். சில நூறு டாலர் பெறும் என்பது மதிப்பீட்டாளரின் கணக்கு.

பணத்தைவிட என்னை அறுப்பது வேறு. அடிமைத்தனத்தில் பிறந்த கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்கள் உண்மையாகவே இருக்கின்றன, பெயரோடும் சான்றோடும். ஜார்ஜியாவில் 1837-ல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்து, 1886-ல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். அதைப் பார்த்த ஓர் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது தர மறுத்துவிட்டார். சில வருடங்களில் வறுமை நெருக்க, பத்து டாலர் கேட்டு ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்க்க அந்த ஆசிரியை வீட்டுக்குப் போய்வந்தார். இன்று அது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அவருக்குக் கிடைத்தது ஐந்து டாலர். அவரைப் போன்றவர்கள் பட்ட பாட்டை ஓர் அட்டையில் எழுதிக் குத்தி, இன்னொருவர் ஆயிரத்தைந்நூறு டாலர் கூட்டி வாங்குகிறார். இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

1992-ல் ஸ்மித்சோனியன் அனுமதியோடு, பவர்ஸின் குவில்ட் உட்படச் சில பழைய குவில்ட்களின் நகல்களைச் சீனாவில் செய்து இங்கே விற்றார்கள். குவில்ட் தைக்கும் பெண்கள் நாடு முழுக்க எதிர்த்து எழுந்தார்கள். லேபிளை வெட்டிவிட்டால் நாளைக்கு இவை பழையவையாகக் கைமாறும் என்பது அவர்களுடைய அச்சங்களில் ஒன்று. அவர்கள் அஞ்சியதன் நியாயம் எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

இனி ரசீதுக்கு வருகிறேன், இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். பணம் கட்டும்போது அந்த அட்டையை அவர் கழற்றி எடுத்துக்கொண்டார், “மடிக்கும்போது ஊசி குத்தும்” என்று சொல்லி. கவுண்டரில் கிடைத்த ரசீதில் இருந்தது: பழைய குவில்ட், உள்ளபடியே விற்பனை. வருடம் இல்லை, கதை இல்லை. மதிப்பீட்டு அறிக்கையோடு திரும்பிப் போனபோது, “நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன், உத்தரவாதம் எதுவும் கொடுக்கவில்லையே” என்றார். கடை நிர்வாகமோ, ஸ்டால்காரர் தனி வியாபாரி, எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது. கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டேன். விற்பவர் எழுத்தில் என்ன வாக்குக் கொடுத்தார் என்று கேட்டார்கள், ரசீதைப் பார்த்தார்கள், முறையீட்டை முடித்துவிட்டார்கள்.

வருடமும் கதையும் சேர்த்து விலை கேட்கிறார் என்றால், அந்த வருடமும் கதையும் ரசீதில் அவர் கையெழுத்தோடு வர வேண்டும். எழுதித் தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். அட்டையைக் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் குவில்ட்டோடு சேர்த்துப் படம் எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: பழைய பஞ்சு கட்டிகட்டியாக, இடையிடையே விதைத் துணுக்குகளோடு தெரியும். ஆனால் விதை தெரிகிறது, அதனால் 1793-ல் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரமான காட்டன் ஜின் வருவதற்கு முந்தையது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜின்னில் சுத்தம் செய்த மலிவுப் பஞ்சிலும் விதைத் துணுக்கு இருக்கும்.

சிறுமிகள் பள்ளியில் பயிற்சிக்காகத் தைத்து, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிய பூத்தையல் துணிகள், அதாவது சாம்ப்ளர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் தைத்ததை அமெரிக்கத் தையல் என்று சொன்னால் விலை பல மடங்கு ஏறும். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் படாத பின்பக்கத்துப் பட்டு நூல் முன்பக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மங்கலாக இருந்தால் யாரோ மங்கவைத்திருக்கிறார்கள். துணியில் தைத்திருக்கும் வருடத்தில் ஓர் எண் மட்டும் பிரிந்திருந்தால் பயப்பட வேண்டாம். வயதை மறைக்க அந்தப் பெண்ணே பிற்காலத்தில் பிரித்திருக்கலாம், அது தெரிந்த வழக்கம்தான். எண் பிரிந்து வேறு நூலில் புதிதாகத் தைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வடிவத்தையும் துணிகளையும் ஒப்பிட மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் குவில்ட் இண்டெக்ஸ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கென்டக்கியில் 1981-ல் தொடங்கி, மாநிலம் மாநிலமாகப் பொதுமக்கள் வீட்டுக் குவில்ட்களைக் கொண்டுவந்து காட்டிப் பதிவு செய்த விவரங்கள் அதில் உள்ளன. நெப்ராஸ்காவில் லிங்கன் நகரத்துச் சர்வதேச குவில்ட் அருங்காட்சியகமும் தன் சேகரிப்பைப் படங்களோடு காட்டுகிறது.

பென்சில்வேனியா அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரு தோழி அந்த ஸ்டாலில் எடுத்து அனுப்பிய படத்தில், முக்கோணங்கள் வரிசையாகப் பறக்கும் ‘ஃபிளையிங் கீஸ்’ குவில்ட் ஒன்று. அட்டையில் அதே செஸ்டர் கவுண்டி, அதே குவேக்கர் குடும்பம், அதே 1855. விலை 2,200 டாலர். லான்காஸ்டர் வட்டாரத்தில் இந்த வாசகத்தோடு யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஓரப்பட்டியையும் நூலையும் சரிபார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட புகார்கள் சேர்ந்தால் விசாரணை வலுக்கும்.