கோடை மின்தடைக்கு வீட்டு இன்வெர்ட்டர்: எதுவரை கைகொடுக்கும்?

ஈரோடு, கரூர், வேலூர் பக்கத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டருக்கென்று ஓரிடம் விட்டு, அதற்குத் தனி ஒயரிங்கும் இழுத்துவிடுகிறார்கள். ஈரோட்டில் எங்கள் வீட்டில் இருப்பது கடைகளில் மிகுதியாக விற்கும் வகைதான்: 1100 விஏ (எவ்வளவு சுமை தாங்கும் என்பதன் அளவு) சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று, அதாவது வீட்டு மின்சாரம் போலச் சீரான அலையாகத் தருவது; 150 ஏஎச் (எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதன் அளவு) டியூபுலர் பேட்டரி ஒன்று, அதாவது குழாய்வடிவத் தகடுள்ள ஈய-அமிலப் பேட்டரி. இரண்டும் சேர்ந்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த அளவில் முன்னணி நிறுவனங்களின் தயாரிப்புகளுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது. பேட்டரியை எங்கே வைக்கிறோம், எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டால், கடையில் எட்டு மணி நேரம் என்று தயங்காமல் சொல்வார்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை 150 ஏஎச்சால் பெருக்கினால் 1.8 யூனிட் வரும். பேட்டரியை முழுக்க வடியவிடக் கூடாது என்பதையும், இன்வெர்ட்டரே கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும் என்பதையும் கழித்தால், கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.2 யூனிட். 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் இரண்டு, எல்இடி விளக்குகள் மூன்று, ஒரு வைஃபை பெட்டி ஆகியவற்றோடு அது ஆறு மணி நேரம் வந்தால் நல்லது. அதே விசிறிகளை குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே பெரிய பேட்டரி வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை முதலில் விசிறியில் போடலாம். விலை குறைவென்று சீரற்ற, சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வாங்க வேண்டாம். இரவு முழுவதும் விசிறி உறுமிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பேட்டரிக்கு வெயில்தான் பகை. அதன் ஆயுள் 25 முதல் 27 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெயில் பல நாட்கள் 40 டிகிரியைத் தாண்டியதை நினைத்துப் பார்த்தால், ஐந்து ஆண்டு வாரண்டி அட்டையின் மதிப்பு விளங்கிவிடும். அந்த ஐந்தாண்டிலும் பிற்பகுதி பெரும்பாலும் 'புரோ ராட்டா'தான், அதாவது புதுப் பேட்டரிக்கு ஒரு தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். பரணில் ஏற்றி வைக்காமல், காற்றோட்டமுள்ள தரைத்தளத்தில், விளக்கேற்றும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும்; சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். பேட்டரித் தண்ணீரின் அளவைக் காட்டும் மிதவைக் குச்சிகளின் பச்சைக் குறி இறங்கியவுடன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீர் உதவாது. முனைகளில் பச்சைப் பூஞ்சை போலப் படிவதைத் துடைத்து வாசலின் தடவினால் போதும்.

இந்த அளவில், மாலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும் வீட்டுக்கு இது தாராளமாகப் போதுமான பொருள். ஆனால் உயிர்க்கொல்லி வெயில் அடிக்கும் நாட்களில் இதை நம்பிப் படுக்கலாமா என்பது வேறு கேள்வி. ஒன்றரை டன் ஏசியை இது இழுக்காது. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கும் நோயாளிக்கு, அந்த ஒரு கருவியே 300 வாட்டுக்கு மேல் கேட்பதால், மூன்று மணி நேரம் ஓடினால் அதிகம். மின்விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு: காற்றின் வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஏனெனில் அதற்குமேல் விசிறி சுடுகாற்றைத்தான் உடலின்மேல் அள்ளி வீசும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளத்தின் அடியில் படுப்பவர்களுக்கு, பத்து மணிக்கு மேலும் சுவர் சுட்டுக்கொண்டிருப்பது தெரியும்.

2015 ஜூனில் கராச்சியில் வெயில் 44.8 டிகிரியைத் தொட்ட அந்த ரமலான் வாரத்தில், மின்தடையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 1,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகளும் முதியவர்களும். மத்திய அரசும் சிந்து மாகாண அரசும் மின்நிறுவனமும் அப்போது ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தனர். வசதியுள்ள பகுதிகளில் ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நம் ஊரில் இந்தப் பெட்டி பரவலாக வீட்டுக்குள் வந்தது 2008 முதல் 2013 வரை நீடித்த மின்வெட்டுக் காலத்தில்தான். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் அது. இன்றைய நிலைமை அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டபோதும், அவ்வளவு மின்சாரமும் வழங்கப்பட்டது. குறை இப்போது தெருமுனையில் இருக்கிறது. இணைப்பு வாங்கும்போது எழுதிக்கொடுத்த லோடு விளக்குக்கும் விசிறிக்கும் உரியது. பின்னர் வீட்டுக்கு வீடு ஏசி வந்த கதை அந்தக் காகிதத்தில் ஏறவில்லை, டிரான்ஸ்ஃபார்மரும் பல இடங்களில் மாறவில்லை. இரவு பத்து மணிக்கு எல்லா ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்க, முதலில் லோ வோல்டேஜ், பிறகு ஒரு பேஸில் கரண்ட் இல்லை, பிறகு ஃபியூஸ் போய்விட்டது என்று செய்தி வரும். ஒரே லைன்மேன் எத்தனை தெருக்களுக்கு ஓடுவார்?

இங்கே இன்வெர்ட்டரும் குற்றத்தில் பங்காளி ஆகிறது. கரண்ட் திரும்பி வந்தவுடன் பேட்டரிக்கு 15 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றத் தொடங்கும் ஒவ்வொரு பெட்டியும் சுமார் 250 வாட் இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் நூறு வீடுகள் இப்படி இருந்தால் 25 கிலோவாட். 100 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் நான்கில் ஒரு பங்கை வடிந்த பேட்டரிகளே எடுத்துக்கொள்ளும். ஏசிகளும் அதே நிமிடத்தில் கிளம்புவதால், சரிசெய்த ஃபியூஸ் அரை மணியில் மறுபடி போவதில் வியப்பில்லை. காலியான பேட்டரி முழுதாக நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும் என்பதால், அடுத்தடுத்த இரவுகளில் தடை வந்தால் இரண்டாம் இரவே பெட்டி பீப் அடிக்கத் தொடங்கிவிடும்.

தடையில்லா மின்சாரம் தருவது விநியோக நிறுவனத்தின் கடமை என்றும், குறித்த தரத்தில் சேவை இல்லாவிட்டால் இழப்பீடு உண்டு என்றும் மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின்நுகர்வோர் உரிமை விதிகள் சொல்கின்றன. அந்தக் கடமை தவறும் நேரத்துக்காக நாமே வாங்கி வைத்துக்கொள்ளும் பேட்டரிக்கு 2017 முதல் 28 சதவீத ஜிஎஸ்டி வாங்கினார்கள். 2025 செப்டம்பரில்தான் அது 18 ஆனது. கடமை தவறியதற்கான செலவையும் கட்டி, அதற்கு வரியையும் கட்டினோம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றது நல்ல முடிவுதான். ஆனால் கரண்ட் இல்லாத இரவில் வீட்டுக்குள் இறந்துபோகும் முதியவரின் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால், வெயிலும் மின்தடையும் கணக்கில் வராமலே போய்விடும். தகரக் கூரைக்கு அடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, அதாவது இந்தப் பெட்டி மிகவும் தேவைப்படுகிறவர்களுக்கு, இருபதாயிரம் என்பது பல மாத வாடகை.

ஆகவே என் மதிப்பீடு: வாங்கலாம், ஐந்துக்கு மூன்றரை. முதியவர்கள் இருக்கும் வீட்டில் பிஎல்டிசி விசிறியோடு சேர்த்து வாங்குங்கள். மருத்துவக் கருவி உள்ள வீட்டினர் இதை மட்டும் நம்பாமல், கரண்ட் போனால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் செல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்கு, பெட்டிக்கு வெளியே உள்ள ஒரு காரணமும் உண்டு. இன்வெர்ட்டர் வந்த வீடுகளில் கரண்ட் போனதே பல நேரம் தெரிவதில்லை, தெரிந்தாலும் யாரும் போன் செய்வதில்லை. புகார் குறைவான தெருவில் டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற யாரும் அவசரப்படுவதும் இல்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தாலும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு ஒரு அழைப்பு விடுத்து, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே டிரான்ஸ்ஃபார்மரில் இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளும் இருக்கின்றன.