ரங்கூன்ல ஸ்கேன் எடுக்கப் போனா இன்னும் எக்ஸ்பி தான்

ஊருக்குப் போறவங்க யாருக்காவது உதவுமேன்னு எழுதுறேன். அம்மாவுக்கு இடுப்பு வலி, ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்கு கூட்டிட்டுப் போனேன், பேரு வேண்டாம். நர்ஸம்மாங்க நல்லா கவனிச்சாங்க. நடுவுல கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் போட்டாங்க, அது ரங்கூன்ல தினசரி கூத்து தானே. ஆனா ஸ்கேன் ரூம் கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சை மேடும் நீல வானமும்! விண்டோஸ் எக்ஸ்பி, 2001ல வந்தது, 2014 ஏப்ரலோட மைக்ரோசாஃப்ட்டே கைகழுவிடுச்சு.

அங்க வேலை பாக்குற நம்ம பையன் ஒருத்தன்கிட்ட "ஏன் தம்பி இத மாத்தலியா"ன்னு கேட்டேன். "அண்ணே, மிஷினோட வந்த சாஃப்ட்வேர் இதுல மட்டும் தான் ஓடும், மிஷின் நல்லாத்தான இருக்கு, கம்ப்யூட்டருக்காக அதத் தூக்கிப் போடவா"ன்னான். நியாயம் தான், ஸ்கேன் மிஷின் என்ன வெல, கம்பெனிக்காரன் புது விண்டோஸுக்கு டிரைவர் (கம்ப்யூட்டரையும் மிஷினையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்) எழுதித் தரலேன்னா இவங்க என்ன பண்ணுவாங்க.

ரிசப்ஷன் கம்ப்யூட்டர் கதை வேற. எக்ஸ்பி காலத்துல விண்டோஸ்ல பர்மா எழுத்து ஒழுங்கா வராது, அதனால ஜனங்க ஸோஜின்னு ஒரு ஃபாண்ட வச்சு ஒப்பேத்துனாங்க, யூனிகோட்ங்கிற உலகப் பொது எழுத்து முறைப்படி இல்லாம அதுக்குன்னு தனி கணக்கு. மைக்ரோசாஃப்ட் சொந்தமா பர்மா ஃபாண்ட் குடுத்தது 2012ல விண்டோஸ் 8ல தான், அரசாங்கம் யூனிகோடுக்கு மாறுனது 2019 அக்டோபர்ல. அதுக்குள்ள வருஷக்கணக்கா ரெக்கார்டு எல்லாம் ஸோஜியில அடிச்சு வச்சாச்சு, அத யூனிகோட் கம்ப்யூட்டர்ல அப்படியே தொறந்தா எழுத்து கொத்துப் பரோட்டா ஆயிடும். மாத்துறதுக்கு கன்வெர்ட்டர் இருக்கு, ஆனா நோயாளி பேர்ல ஒரு எழுத்து பிசகுனா ஆளே மாறிடும், அத்தனையும் உக்காந்து சரி பாக்க யாருக்கு நேரம்? அதான் பழைய பொட்டிய விடாம வச்சிருக்காங்க.

எக்ஸ்பிய விட எனக்கு பயம் அதுல சொருகியிருந்த நெட் கேபிள். 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற வைரஸ் நெட்வொர்க் வழியா வந்து இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிங்க முடங்குச்சே, அதுல மாட்டுனது பெரும்பாலும் எக்ஸ்பி இல்ல, அப்டேட் போடாத விண்டோஸ் 7. இத்தனைக்கும் அதுக்கான அப்டேட் மார்ச்சுலயே வந்தாச்சு. பழசு இருந்துட்டுப் போகட்டும், நெட்ல சேக்காம தனியா வைங்கப்பான்னு சொன்னேன், பையன் சிரிச்சான், மொதலாளிகிட்ட சொல்லுங்கண்ணேன்னுட்டான்.

போறவங்களுக்கு ஒண்ணு, படத்த சிடியில தான் தருவாங்க, நம்ம லேப்டாப்புல அத போட எடமே கெடையாது. ஃபிலிமும் சேத்துக் கேட்டு வாங்கிடுங்க, பென்டிரைவ மட்டும் அந்தக் கம்ப்யூட்டர்ல சொருகக் குடுத்துடாதீங்க, வைரஸ் ஒட்டிட்டு வரலாம்.