16,500 ரூபாய்க்கு ஒரு சைக்கிள் வீரரை வாங்கி ஏமாந்தேன், நீங்களாவது உஷாரா இருங்க

"கேமுக்குப் போய் யாராச்சும் இவ்வளவு காசு குடுப்பாங்களா?" இதை வீட்ல கேட்டாச்சு, ஆபீஸ்ல கேட்டாச்சு, பேங்க்ல கூட கேட்டாச்சு. குடுத்தேன். 16,500 ரூபாய். அது போயிருச்சுன்னு சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குத் தெரிஞ்சுது. இன்னைக்குத் திங்கக்கிழமை ராத்திரி, இன்னும் ஆத்திரம் அடங்கல. கேம் வீரர்களை நெசப் பணத்துக்கு விக்கற தளத்துல வாங்கறதுக்கு முன்னால பார்க்க வேண்டிய பத்து விஷயம் கடைசில சொல்றேன், அதுவரைக்கும் கொஞ்சம் படிங்க.

சைக்கிள் ரேஸ் டீம் நடத்தற மேனேஜர் கேம் ஒண்ணு ஆடறேன். இதுல நாம பெடல் மிதிக்க மாட்டோம். நாம முதலாளி. நெசத்துல முதல் தர ரேஸ்கள் ஓட்டற வேர்ல்டு டூர் டீம் மாதிரியே முப்பது ரைடர் வரைக்கும் வெச்சுக்கலாம். யாருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம், எவ்வளவு சம்பளம், டூர் டி பிரான்ஸுக்கு அனுப்பற எட்டுப் பேரு யாரு, பெல்ஜியத்துக் கல்லு ரோட்டுக்கு யாரு, டிசம்பர்ல யாரைக் கழட்டி விடறது, எல்லாம் நம்ம தலையில. ரைடர்கள் கற்பனைப் பேருங்க, ஆனா விதிமுறை பெரும்பாலும் நெசத்தை ஒட்டினது. ரேஸ் பார்க்கறதை விட இந்த ஒப்பந்தக் கணக்குதான் எனக்கு ருசி. அக்கவுண்ட்ஸ்ல பதினாலு வருஷமா இருக்கறவன் புத்தி வேற எங்க போகும்?

நாலு வருஷமா நடத்தற டீம். பேரு நொய்யல். கோயமுத்தூர்ல லுங்கியோட உக்காந்துக்கிட்டு ஆல்ப்ஸ் மலைக்கு ஆள் அனுப்பற ஒரே முதலாளி நாந்தான்னு எங்க அண்ணன் கிண்டல் பண்ணுவாரு. எங்கிட்ட முடிவுக் கோட்டுல பாயற நல்ல ஸ்பிரிண்டர் ரெண்டு பேர் இருக்காங்க, டீம் தலைவனுக்காகக் காத்துல முன்னாடி நின்னு இழுக்கற டொமெஸ்டீக் ஆளுங்க ஏழெட்டுப் பேர். இல்லாதது மலை ஏறற ஆள் மட்டும். மலை வந்துட்டா நொய்யல் காஞ்சு போயிரும், நெச நொய்யல் ஆறு மாதிரியே.

எங்க லீக்ல ஒரு 21 வயசு க்ளைம்பர் இருந்தான். நாங்க அவனுக்கு வெச்ச பட்டப்பேரு வரையாடு. பத்து சதவீத ஏத்தத்துலயும் ஒரே சீரா போவான். அவனை வெச்சிருந்த மேனேஜர் விக்கப் போறார்னு ஜூன்ல தகவல் வந்துச்சு. கேமுக்குள்ள இல்லைங்க, வெளிய. வேற ஆளுங்க நடத்தற ஒரு சந்தைத் தளம் இருக்கு. மேனேஜர்கள் நெசப் பணத்துக்கு ரைடரை வித்து வாங்கற இடம். அங்க காசு கட்டினா, கேமுக்குள்ள சும்மா ஒரு காயின் விலைக்கு ரைடரை நம்ம டீமுக்கு மாத்தி விடுவாங்க. தளத்தோட பேரைச் சொல்லல. சொன்னா இந்தப் பதிவையே தூக்க வெச்சிருவாங்க.

விளம்பரத்துல தடிச்ச எழுத்துல இருந்தது: "மூன்று சீசன் ஒப்பந்தம்!" விலை 16,500. விக்கறவர் பேருக்குப் பக்கத்துல நீல டிக், "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்". பணத்தைத் தளமே கையில வெச்சிருக்கும், ரைடர் வந்துட்டாருன்னு நாம பட்டனை அழுத்தினாத்தான் அவருக்குப் போகும், இல்லைன்னா ஏழு நாள் கழிச்சு. ரொம்பப் பாதுகாப்பாத்தான் தெரிஞ்சுது.

நான் இங்கிலீஷ்ல விசாரிச்சேன். அந்தப் பக்கமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "ஏனுங்ணா, பேரைப் பார்த்தா நம்ம பக்கமாட்டத் தெரியுது. நான் திருப்பூருங்ணா." அவ்வளவுதான். அந்த ஒரு "ங்ணா"வுலயே பாதிக் காசைக் குடுத்துட்டேன்னு வெச்சுக்கங்க. பெல்ஜியத்துக்காரனும் கொலம்பியாக்காரனும் ஆடற கேம்ல நம்ம ஊர்க் குரல் கேட்டா மனசு எளகிருதே. அரை மணி நேரம் பேசினோம். டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச பொகாச்சாருக்கு அவரோட யூஏஈ டீம் 2030 வரைக்கும் ஒப்பந்தம் போட்டது சரியான்னு கூட விவாதம் பண்ணினோம். விஷயம் தெரிஞ்ச ஆளு, அதுல சந்தேகமே இல்ல. தெரியாதவனா இருந்தா இப்படி ஏமாத்தியிருக்க முடியாது.

"மூணு சீசன் உறுதிதானே?"ன்னு கேட்டேன். "ஏனுங்ணா, புது ப்ரோவுக்கு குறைஞ்சது ரெண்டு வருஷம் போடணும்னு ரூலே இருக்குதுங்களே, உங்களுக்குத் தெரியாததா"ன்னாரு. தெரியும்! அதுதான் வினை. நெச சைக்கிளிங்லயும் முதல் தடவை ப்ரோ, அதாவது தொழில்முறை வீரர், ஆகறவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குக் குறைஞ்ச ஒப்பந்தம் போட முடியாது. 21 வயசுப் பையன், ரெண்டு வருஷம் எப்படியும் இருக்கும், மேல ஒண்ணு சேர்த்திருப்பாங்கன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்த ரெண்டுல ஒரு வருஷம் ஏற்கனவே ஓடி முடிஞ்சுதான்னு கேட்கத் தோணல. அவர் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல ஏறும் திறன், வயசு, சம்பளம் எல்லாம் தெரிஞ்சுது. ஒப்பந்தம் முடியற தேதி இருக்கற வரி மட்டும் கீழ வெட்டுப்பட்டிருந்தது. போன்ல அப்படித்தான் விழும்னு நினைச்சேன்.

யுபிஐல 16,500 போட்டேன். பத்து நிமிஷத்துல வரையாடு என் டீமுக்கு வந்துட்டான். உடனே மெசேஜ்: "பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணுங்ணா, ரிலீஸ் பண்ணி விட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்." ஜூன் மாசம், யாருக்குத்தான் பீஸ் கஷ்டம் இல்ல? ரைடர் பக்கத்தைக் கூடத் திறந்து பார்க்காம பட்டனை அழுத்தினேன். ஏழு நாள் அவகாசத்துல நான் பயன்படுத்தினது நாலு நிமிஷம்.

இதுல கேவலம் என்னன்னா, நெசமான டிரான்ஸ்பர் தகராறு எல்லாம் எனக்கு விரல் நுனியில. ஃபுட்பால் மாதிரி பெரிய தொகை குடுத்து ஆளை வாங்கறது சைக்கிள்ல வழக்கம் கிடையாது. ஒப்பந்தம் முடியற வரைக்கும் ஓட்டுவாங்க, ஆகஸ்ட் 1-ல டிரான்ஸ்பர் காலம் திறந்ததும் அடுத்த வருஷ டீமை அறிவிப்பாங்க. நடுவுல உடைச்சா வில்லங்கம். பெல்ஜிய வீரர் வான் ஆர்ட் 2018-ல பழைய டீமை விட்டு வெளிய வந்தப்ப ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு மேல பாக்கி இருந்தது. 2020-ல பெல்ஜிய நீதிமன்றம் 6,62,000 யூரோவுக்கு மேல கட்டச் சொல்லிருச்சு. 2023 டிசம்பர்ல போரா டீம்ல இருந்த அய்டெப்ரூக்ஸ்ங்கற இளம் வீரரை விஸ்மா டீம் எடுத்தாச்சுன்னு அறிவிக்க, எங்க ஒப்பந்தம் 2024 வரைக்கும் உயிரோட இருக்குன்னு போரா டீம் மறுக்க, ஒரே ரகளை. இன்னொரு பெல்ஜிய வீரர் எவெனெபோல் 2026 வரைக்கும் இருந்த ஒப்பந்தத்தை ஒரு வருஷம் முன்னாடியே முடிச்சுக்கிட்டு ரெட் புல் டீம் பக்கம் போனாரு. ஒவ்வொண்ணுலயும் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ஒப்பந்தம் எந்தத் தேதி வரைக்கும்? ஊரான் ஒப்பந்தத்துக்கெல்லாம் தேதி தெரிஞ்சு வெச்சிருந்தவன், சொந்தக் காசு போட்ட ஒப்பந்தத்துல அதைப் பார்க்கல.

ஜூலை முழுக்க டூர். ஆபீஸ் விட்டு வந்து ஒன்பது மணிக்குள்ள அன்னைக்கு ஸ்டேஜ் (டூரோட ஒரு நாள் ரேஸ்) முடிவைப் பார்த்துட்டு, அப்புறம் என் ஆட்டம். வரையாடு கேம்ல ரெண்டு மலை ஸ்டேஜ் ஜெயிச்சுக் குடுத்தான். நல்ல வாத்தியார் கிடைச்ச பையன் மாதிரி தேறிட்டே வந்தான், பயிற்சிக்கு நான் செலவு பண்ணினது தனி.

சனிக்கிழமை காலைல காபியோட கேமைத் திறந்தா சிவப்புல ஒரு அறிவிப்பு. "உங்கள் ரைடர் அடுத்த சீசனுக்கு வேறு அணியுடன் ஒப்பந்தம் செய்துள்ளார்." ஐரோப்பாவுல நடுராத்திரி ஆகஸ்ட் 1 பிறந்தப்ப நமக்கு மணி மூன்றரை. நான் குறட்டை விட்டுட்டிருந்த நேரத்துல கையெழுத்தாயிருச்சு.

அப்பத்தான் ரைடர் பக்கத்தைக் கீழ வரைக்கும் பார்த்தேன். ஒப்பந்தம்: 1+2. ஒண்ணுதான் உறுதி. மீதி ரெண்டும் டீம் விரும்பினா நீட்டிக்கலாம்ங்கற உரிமை. அந்த உரிமை முதல்ல ஒப்பந்தம் போட்ட டீமுக்கு மட்டும்தான், ரைடர் கை மாறினா செத்துப் போயிரும்னு கேமோட உதவிப் பக்கத்துல கடைசிப் பத்தில இருக்கு. ஒண்ணும் ரெண்டும் மூணு, கூட்டல் சரி, அதனால விளம்பரமும் பொய் இல்லையாம்! ஜூலை 31 ராத்திரி வரைக்கும் "ஒப்பந்தத்தைப் புதுப்பி"ங்கற பட்டன் என் கண்ணு முன்னாலயே இருந்திருக்கு. மூணு சீசன் இருக்கறவனுக்கு எதுக்குப் புதுப்பிக்கணும்னு நான் அந்தப் பக்கமே போகல.

வயித்தெரிச்சல் இன்னும் முடியல. அவனை எடுத்த புது டீம் யாருதுன்னு பார்த்தேன். போன வருஷம் தொடங்கின டீம். ஜெர்சி டிசைன் நம்ம திருப்பூர்க்காரர் டீம் ஜெர்சிதான், நிறம் மட்டும் வேற. அந்த டீமோட பழைய வரவு செலவைத் தோண்டினேன், அதுதானே நம்ம தொழில். பதினோரு ரைடர்கள். எல்லாருமே முதல்ல திருப்பூர்க்காரர் டீம்ல இருந்தவங்க, அங்கிருந்து யாருக்கோ வித்தது, ஆகஸ்ட் 1 ஆனதும் இந்த டீமுக்கு வந்தது. ஆடு ஒண்ணு, சந்தைக்குப் பத்துத் தடவை. நான் டிசம்பர் 31 வரைக்கும் சம்பளம் குடுத்து, தீனி போட்டு, பயிற்சி குடுத்து, ஜனவரில அவர் பட்டியில கொண்டு போய்க் கட்டணும். இதுக்கு நான் குடுத்த கூலி 16,500 ரூபாய்.

அவருக்கு மெசேஜ் போட்டேன். முதல் பதில்: "ஐயோ என்னங்ணா இப்படி ஆயிருச்சு, பார்க்கறேனுங்ணா." மத்தியானம்: "ப்ரோ அது கேம் பக், கம்பெனியக் கேளுங்க." சாயங்காலம்: "சார், விற்பனை முடிந்துவிட்டது." அப்புறம் பிளாக். அண்ணன்லருந்து சார் ஆகறதுக்குப் பத்து மணி நேரம்.

தளத்தோட சாட்ல ஒரு பொம்மைதான் பேசுது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு நாலு தடவை வருந்துச்சு. மனுசன் வேணும்னு கேட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தா ஒருத்தர் வந்தாரு: ரைடர் வந்தாரா? வந்தாரு. நீங்களே உறுதி பண்ணினீங்களா? பண்ணினேன். நன்றி, புகார் முடிக்கப்பட்டது. நான் அடுத்த வரி டைப் பண்றதுக்குள்ள பெட்டியை மூடிட்டாரு. மறுபடி திறந்தா "7 வேலை நாட்கள்". பதினோரு ரைடர் பட்டியலையும் அனுப்பினேன், அதுக்கும் அதே ஏழு வேலை நாள். சேவைக் கட்டணம்னு எங்கிட்ட 5 சதவீதம் எடுத்தாங்களே, அது என்ன சேவை?

கேம் கம்பெனி இன்னும் ஒரு படி மேல. வெளிச் சந்தைல வாங்கறதே விதி மீறல், மறுபடி நடந்தா உங்க டீமை முடக்குவோம்னு எனக்கே எச்சரிக்கை. அதுல அவங்க மேல தப்புச் சொல்ல முடியாது, சேரும்போதே அந்த நிபந்தனைக்கு டிக் அடிச்சவன் நான். பேங்க்ல அந்த அம்மா பொறுமையாக் கேட்டுட்டு, "ரம்மிங்களா சார்?"னாங்க. இல்லைங்க, சைக்கிள். "சைக்கிள் டெலிவரி ஆகலையா?" அதுக்கு மேல எனக்கு விளக்கத் தெம்பு இல்ல. பின் நம்பர் நானே போட்டதால அவங்க ஒண்ணும் பண்ண முடியாதாம். சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிஞ்சேன், நம்பர் குடுத்திருக்காங்க.

நெசமான டீம் நடத்தறதுன்னா ரைடர்களுக்குச் சம்பளம் போய்ச் சேரணும்னு உலக சைக்கிள் சங்கமான யூசிஐ முன்கூட்டியே வங்கி உத்தரவாதம் கேட்டு வாங்கி வெச்சுக்கும். இங்க உத்தரவாதம் ஒரு நீல டிக். அதுவும் யாரு குடுத்தது? கமிஷன் வாங்கறவனே குடுத்தது.

அந்த 16,500 எதுக்கு வெச்சிருந்ததுன்னும் சொல்லிடறேன். அண்ணன் பையன் எட்டாவது போறான், கியர் சைக்கிள் வேணும்னு கேட்டிருந்தான். ஆகஸ்ட் போனஸ்ல திருப்பி வெச்சுக்கலாம்னு எடுத்தேன். நேத்து வந்து "சித்தப்பா, எப்ப கடைக்குப் போலாம்?"ங்கறான். டயர் சைஸ் பார்க்கணும்டான்னு ஏதோ உளறி வெச்சிருக்கேன்.

சரி, பத்து விஷயம் சொல்றேன்னேன். எழுத உக்காந்தா பத்து வரல, கோவந்தான் வருது. ஒப்பந்தம் முடியற தேதியை ஸ்கிரீன்ஷாட்ல பார்க்காதீங்க, நீங்களே லாகின் பண்ணி கேமுக்குள்ள பாருங்க. நடுவுல கூட்டல் குறி இருந்தா முதல் எண்ணை மட்டும் நம்புங்க. ரிலீஸ் பட்டனைக் கடைசி நாள் வரைக்கும் தொடாதீங்க, யாரு பீஸ் கட்டினாலும் சரி. நம்ம ஊர்ப் பேச்சு கேட்டு எளகாதீங்க. சாட்டை எல்லாம் உடனே சேமிச்சு வைங்க, பிளாக் பண்ணின பிறகு வாய்ஸ் மெசேஜ் திறக்க மாட்டேங்குது. என்னோடது போச்சு. வெளிச் சந்தைல வாங்கவே வாங்காதீங்க, அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.

இதை எழுதி முடிச்சுட்டு அந்தத் தளத்தை இன்னொரு தடவை பார்த்தேன். வரையாடு மறுபடி விலைக்கு வந்திருக்கான். இன்னும் என் டீம்ல, என் சம்பளத்துல இருக்கான், அதுக்குள்ள "ஜனவரி டெலிவரி"ன்னு விளம்பரம். படம் நான் போட்டுக் குடுத்த நொய்யல் ஜெர்சியோட. நான்கு சீசன் ஒப்பந்தமாம். விலை 22,000.