ஸ்பானிஷ் பட்டம் படிப்பவர்கள் தெலே பி2 எழுதலாமா? தேர்வு பற்றிய மதிப்பீடு

ஸ்பானிஷில் பட்டமே வாங்கப் போகிறோம், பிறகு எதற்குத் தனியாகப் பணம் கட்டி தெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வை எழுத வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். எழுதலாம் என்பதே எங்கள் பதில். வகுப்பில் வாங்கும் மதிப்பெண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும் பலவீனங்களை இந்தத் தேர்வு இரக்கமில்லாமல் வெளியே இழுத்துப் போடுகிறது. அந்தக் காரணத்துக்காகவே படிப்பின் நடுவில் எழுத வேண்டிய தேர்வு இது.

ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில், ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் அந்நாட்டு அரசு அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம் வழங்கும் சான்றிதழ் தெலே. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஏறுவரிசையில் ஆறு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு. ஒருமுறை வாங்கிவிட்டால் காலாவதி கிடையாது. சி1 எழுதித் தவறினால் பி2 ஆவது கொடுங்கள் என்று கேட்க முடியாது. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான்.

மதிப்பெண் முறையில்தான் பலர் வழுக்குகிறார்கள். பி2-வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என நான்கு பகுதிகள், தலா 25. வாசிப்பும் எழுத்தும் ஒரு குழு. கேட்டலும் பேச்சும் இன்னொரு குழு. ஒவ்வொரு குழுவிலும் 50-க்கு 30 வேண்டும். வாசிப்பில் 23, எழுத்தில் 22, கேட்டலில் 13, பேச்சில் 16 எடுத்தவருக்கு மொத்தம் 74. ஆனால் இரண்டாம் குழு 29 என்பதால் தோல்வி. நான்கிலும் 15 மட்டும் எடுத்தவர் தேறிவிடுவார். இலக்கியத் தாள்களில் மின்னுகிற மாணவர்கள் பெரும்பாலும் அந்த முதல் ரகம். தவறினால் அடுத்த முறை நான்கு பகுதிகளையும் மறுபடி எழுத வேண்டும்.

வாசிப்புக்கு 70 நிமிடம், 36 கேள்விகள். கடைசிப் பகுதியில் வரும் 14 கேள்விகளும் இலக்கணம் சார்ந்த கோடிட்ட இடங்கள். பட்டப்படிப்பு மாணவருக்கு இது கையில் வைத்த பலகாரம். அதை முதலில் முடித்துவிடுவது நல்லது. மூன்றாம் பகுதியில் ஓர் உரையில் விடுபட்ட ஆறு இடங்களுக்கு எட்டு உரைத் துண்டுகள் தருவார்கள். ஒரு துண்டைத் தவறாக வைத்தால் அது உரிய இடத்துக்கும் கிடைக்காமல் போய், பிழை இரண்டாகிவிடும். துண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள சுட்டுப்பெயர்களையும் காலங்களையும் பொருத்திப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால் எதையும் காலியாக விட வேண்டாம்.

கேட்டல் பகுதிதான் எங்கள் பார்வையில் இந்தத் தேர்வின் உண்மையான வேலை. 40 நிமிடம், 30 கேள்விகள், ஒவ்வொரு ஒலிப்பதிவும் இருமுறை. ஸ்பெயினின் உச்சரிப்பு மட்டும் வராது, லத்தீன் அமெரிக்கக் குரல்களும் கலந்து வரும். ஒரே ஆசிரியரின் குரலைக் கேட்டுப் பழகிய காது இங்கே தடுமாறும். இரண்டாம் பகுதியில் ஓர் ஆணும் பெண்ணும் பேசுவார்கள். தரப்பட்ட கருத்தைச் சொன்னது யார், அவரா, இவரா, இருவருமே இல்லையா என்று குறிக்க வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டிவிட்டு உடனே மறுப்பார். சொற்களை மட்டும் பிடிப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பல நாட்டு வானொலி நேர்காணல்களை எழுத்து வடிவம் பார்க்காமல் தினமும் கேட்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. தேர்வுக்கு முந்தின வாரம் தொடங்கினால் பயனில்லை.

எழுத்துக்கு 80 நிமிடம், இரண்டு பணிகள், ஒவ்வொன்றும் 150 முதல் 180 சொற்கள். முதலாவது, ஒரு ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு அதிலுள்ள தகவலைச் சேர்த்து எழுதும் கடிதம். இரண்டாவதில் இரண்டு தெரிவுகள். அவற்றுள் ஒன்று புள்ளிவிவர வரைபடத்தை வைத்து எழுதும் கட்டுரை. ஸ்பானிஷ் இலக்கியப் பொற்காலத்தின் நாடகங்களைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுபவர், நகராட்சிக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதச் சொன்னால் மரியாதை வடிவத்தில் தொடங்கி நடுவில் நீ, உன் என்று இறங்கிவிடுவார். வகைக்கேற்ற நடை, ஒத்திசைவு, பிழையின்மை, சொல்வளம் என்று நான்கையும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். இலக்கணம் சுத்தமாக இருந்தும் நடையில் மதிப்பெண் இழப்பது வீண். ஒலிப்பதிவின் தகவலை விட்டுவிட்டுத் தன் கருத்தை மட்டும் எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. சொல் எண்ணிக்கையைத் தாண்டினால் புதுப் பிழைகளுக்கு இடம் கொடுத்ததுதான் மிச்சம்.

பேச்சுக்கு 20 நிமிடத் தயாரிப்பு, பிறகு 20 நிமிடம். ஒரு பிரச்சினைக்கான யோசனைகளை எடைபோடுவதும், ஒரு புகைப்படத்தை வைத்து சூழ்நிலையைக் கற்பனை செய்து பேசுவதும் தயாரித்தவை. கருத்துக்கணிப்பு பற்றிய மூன்றாவது பணி தயாரிப்பில்லாதது. குறிப்பைப் பார்க்கலாம், வாசிக்கக் கூடாது. தயாரிப்பு நேரத்தில் முழு வாக்கியங்கள் எழுதாமல், ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு நன்மை, ஒரு தீமை என்று குறித்தால் போதும். 'அப்படிச் செய்தால் இப்படி ஆகும்' என்ற நிபந்தனை வாக்கியங்களும், விருப்பம், ஐயம், கற்பனை ஆகியவற்றைச் சொல்லும் வினைவடிவமான சப்ஜங்க்டிவும் தானாகவே தேவைப்படும் கேள்வி இது. வாயில் பழகாதவர்களுக்கு அப்போது வராது.

குறைகளும் உண்டு. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். பேச்சுத் தேர்வு வேறு நாளில் வைக்கப்படலாம் என்பதால், வெளியூரிலிருந்து வருபவர்கள் பயணச்சீட்டு எடுக்குமுன் தேதியை உறுதி செய்ய வேண்டும். விண்ணப்பத்திலும் அடையாள ஆவணத்திலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்.

அவசரமாகச் சான்று வேண்டுமென்றால் சியெலே பொருத்தம். செர்வாந்தெஸ் நிறுவனம், சலமான்கா பல்கலைக்கழகம், மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம், புவெனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்தும் கணினித் தேர்வு. தோல்வி என்ற பேச்சே இல்லை. 1000-க்கு எவ்வளவு, எந்த நிலை என்று மூன்று வாரங்களுக்குள் தெரிந்துவிடும். ஆனால் ஐந்து ஆண்டுகள்தான் செல்லும், சி1-க்கு மேல் அளக்காது. பேச்சுப் பகுதியில் எதிரே மனிதர் இல்லை, ஒலிவாங்கியிடம்தான் பேச வேண்டும். சிலருக்கு அது நிம்மதி. உரையாடலில் தேறுபவர்களுக்கு நட்டம்.

வெளிநாட்டுப் பரிமாற்றப் பருவம் இருந்தால் அதற்கு முந்தைய அமர்வில் பி2 எழுதுங்கள். கேட்டல்தான் பலவீனம் என்று தெரிந்தபின் அங்கே போனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். இறுதியாண்டு வரை வந்துவிட்டவர்கள் பி2-வுக்குச் செலவழிக்க வேண்டாம். செர்வாந்தெஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சி1 மாதிரித் தாளை ஒலிப்பதிவோடு, கடிகாரம் வைத்து ஒருமுறை முழுதாகச் செய்து பார்த்துவிட்டு நேரே அதற்குப் பதிவு செய்யலாம்.