மூன்று வருடமாக ஓடும் நொக்டுவா டி15: ஏசி இல்லாத யாழ்ப்பாண அறையில் ஒரு காற்றுக் கூலரின் அனுபவம்

கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படம் பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய மூன்று மணித்தியால ஒளிப்பதிவாகத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். இரவு படுக்கப் போகும்போது ரெண்டருக்கு, அதாவது தொகுத்ததைக் கணினி முழு ஒளிப்பதிவாக ஆக்கும் வேலைக்கு, போட்டுவிட்டுப் போனால் விடியும்வரை கணினியின் மூளையான பிராசசரின் 12 கோர்களும் முழு மூச்சில் ஓடும். குருநகரில் கடலேரிக்கு அண்மையில், அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் உள்ள என் வேலை அறையில் ஏசி கிடையாது. சித்திரை, வைகாசி மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்கு அறை வெப்பமானி 33 பாகையைக் காட்டும். பிராசசரின் சூட்டை இறக்கும் கூலர்களைப் பற்றி நாம் வாசிக்கும் சோதனை முடிவுகளிற் பெரும்பாலானவை இருபது, இருபத்திரண்டு பாகை அறைகளில் எடுக்கப்பட்டவை என்பதால், நமது அறைக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான்.

2021 இல் ஏஎம்டி ரைசன் 9 5900எக்ஸ் பிராசசர் வாங்கியபோது, அழகுக்கும் ஆசைப்பட்டு, பம்ப் ஒன்று குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்விக்கும் 240 மில்லிமீற்றர் வோட்டர் கூலர் ஒன்றைப் பூட்டினேன். அது நன்றாகவே வேலை செய்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒன்பதாவது மாதமளவில் குடத்துத் தண்ணீர் அலம்புவது போன்ற சத்தம் ஒன்று வரத் தொடங்கியது. 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாள்களில், யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்க அவசரமாக அணைப்பதும் மீண்டும் போடுவதுமாக இருந்தேன். அதனால்தான் பம்ப் கெட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வைகாசியில் ஒரு நாள் ரெண்டர் ஆமை வேகத்தில் நகர்வதைக் கண்டு கேசிங்கைத் திறந்து இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது அறை வெப்பத்திலேயே கிடந்தது. தண்ணீர் ஓடவில்லை என்பதை அறிய வேறு சோதனை தேவைப்படவில்லை. உத்தரவாதத்துக்குக் கொழும்புக்கு அனுப்பி ஆறு கிழமை காத்திருந்த காலத்தில் இரண்டு கலியாண வேலைகளை நண்பரின் கணினியை இரவல் வாங்கிச் செய்து முடித்தேன். அப்போதே ஒரு முடிவுக்கு வந்தேன்: இனிப் பூட்டுவது எதுவானாலும், அதில் பழுதாகக்கூடிய ஒரே பொருள் விசிறியாக மட்டும் இருக்கவேண்டும்.

காற்றுக் கூலரின் செப்புக் குழாய்களுக்குள்ளும் திரவம் இருக்கிறது. ஆனால் அதைத் தள்ள மோட்டார் கிடையாது. அடியில் கொதித்து ஆவியாகி, தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாகத் திரும்பி வருகிறது. குழாய் மூடப்பட்டே இருப்பதால் அதை நிரப்பவோ திறக்கவோ வேண்டியதில்லை. 158 மில்லிமீற்றர் உயரமான நொக்டுவா யூ12ஏ, 162.8 மில்லிமீற்றர் உயரமான பீ குவயட் டார்க் ரொக் புரோ 4, 165 மில்லிமீற்றர் உயரமான நொக்டுவா டி15 ஆகிய மூன்றையும் ஒரு கிழமையாக எடைபோட்டேன். கறுப்பு நிறத்துக்காக டார்க் ரொக் புரோவின் பக்கம் மனம் சாய்ந்தாலும், 6 வருட உத்தரவாதமும், மதர்போர்டில் பிராசசர் அமரும் சொக்கெட்டுகள் புதிதாக வரும்போது பொருத்தும் உதிரிகளைக் கொடுத்துவரும் வழக்கமும் டி15 இன் பக்கம் திருப்பின. அந்த மண்ணிற விசிறிகளின் நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பக்கக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

ரூபாய் விழுந்து கிடந்த நேரத்தில் இங்கே அது கிடைப்பதாக இல்லை. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த மச்சான் கொண்டுவந்தார். விசிறிகளோடு 1,320 கிராம். பெட்டியோடு சேர்த்தால் இன்னும் கூட. இடம் காணாமல் மாமிக்கு வரவேண்டிய சொக்லேற்றிற் பாதி ரொறன்ரோவிலேயே நின்றுவிட்டது என்று இன்றும் சொல்லிக் காட்டுவார்.

கேசிங்கில் 170 மில்லிமீற்றர் வரை கூலருக்கு இடம் உண்டு என்று பார்த்திருந்தேன். பார்க்காமல் விட்டது ரேமின், அதாவது பிராசசருக்குப் பக்கத்தில் நிற்கும் நினைவகப் பலகைகளின், உயரத்தை. முன் விசிறி ரேமின் மேல் வந்து நிற்கும். அதன் கீழே 32 மில்லிமீற்றர்தான் இடம். என்னிடம் இருந்ததோ மின்னும் விளக்குகள் வைத்த 44 மில்லிமீற்றர் ரேம். விசிறியை 12 மில்லிமீற்றர் உயர்த்தினால் மொத்த உயரம் 177 ஆகிவிடும். பக்கக் கண்ணாடி மூடாது. அன்றிரவு வேறு வழியின்றி முன் விசிறியைக் கழற்றிவிட்டு, கூலரின் தகடுகள் அடுக்கிய இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் உள்ள ஒற்றை விசிறியோடு ஓட்டினேன். தை மாதம் விளக்கில்லாத குட்டை ரேம் வாங்கும்வரை, நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே ஓடியது. இரண்டாவது விசிறியைத் திரும்பப் பூட்டியபோது கிடைத்த வித்தியாசம் இரண்டு, மூன்று பாகை மட்டுமே. ரேமை மாற்றாமலே இருந்திருக்கலாம்.

இனி வெப்பநிலை. காற்றுக் கூலரோ வோட்டர் கூலரோ அறைக் காற்றைவிடக் கீழே இறக்காது. அறைக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. 5900எக்ஸ் தன் வழமையான மின் எல்லையான 142 வாட்டில் முழுச் சுமையில் ஓடும்போது, 31 பாகை அறையில் எனக்கு 80 முதல் 82 வரை நிற்கிறது. கார்த்திகை மழையில் அறை 26 க்கு இறங்கினால் இதுவும் 76 க்கு இறங்குகிறது. கிராபிக்ஸ் கார்ட்டும் சேர்ந்து வேலை செய்தால் அதன் சூடு மேலே எழும்பி ஐந்து பாகை கூட்டும். ஆயிரத்து முந்நூறு கிராம் உலோகத்தை வைத்துவிட்டு எண்பதா என்று முதல் நாள் எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. பிறகுதான் விளங்கியது: பிரச்சினை கூலரில் இல்லை. பிராசசரின் மூடிக்குள் இருக்கும் 7 நனோமீற்றர் சில்லுகள் மிகச் சிறியவை. அந்தச் சிறிய பரப்பில் இருந்து வெப்பம் உலோக மூடியைக் கடந்து வெளியே வருவதே முதல் நெருக்கடி. 8 கோர்களும் ஒரே சில்லில் உள்ள 5800எக்ஸ் பிராசசர், இரண்டு சில்லுகளில் 12 கோர்களைப் பிரித்து வைத்திருக்கும் இதைவிடச் சூடாக ஓடுவதற்கும் காரணம் அதுவே.

ஆகவே கூலருக்குச் செலவழித்த பணம் தராத பலனை, கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயோஸில் ஒரு தெரிவு தந்தது. ஈகோ நிலையில் எல்லையை 88 வாட்டாக்கினால் அதே 31 பாகை அறையில் வெப்பநிலை 64 ஐத் தாண்டுவதில்லை. ஒரு மணித்தியால ரெண்டருக்கு ஆறேழு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. நித்திரை கொள்ளும் மனிதனுக்கு அது ஒரு கணக்கே அல்ல. யூபிஎஸ்ஸும் சில நிமிடம் கூடத் தாக்குப்பிடிக்கிறது. பகலில் வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் 142 க்கு மாற்றுவேன்.

டி15 க்குக் கொடுத்த விலையின் பெரும்பகுதி உண்மையிற் சத்தத்துக்குத்தான். உச்ச வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. ஆனால் நான் 1,100 இற் கட்டிவைத்திருக்கிறேன், வெப்பநிலை இரண்டு பாகைதான் கூடியது. நாதஸ்வரக் கச்சேரியின் ஒலியைச் சீர்செய்யும்போது கூரை விசிறியின் சத்தம்தான் கேட்கும், கணினியினது கேட்காது. ஒன்றை மட்டும் செய்யவேண்டும்: ரைசன் ஒரு கோப்பைத் திறந்தாலே பத்துப் பாகை துள்ளிக் குதிக்கும்; விசிறியும் கூடவே துள்ளி, ஏறி இறங்கி எரிச்சலூட்டும். பயோஸில் விசிறி எதிர்வினையாற்றும் நேரத்தைச் சில நொடிகள் தாமதப்படுத்தினால் அது அடங்கிவிடும்.

தென்மேல் காற்றான சோளகம் பிறந்தால் வேறு கதை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை காற்று மணலையும் தூசியையும் அள்ளிக்கொண்டு வரும். முதல் வருடம் துடைக்காமல் விட்டதில் ஆடிக் கடைசியில் வெப்பநிலை ஏழு பாகை கூடியிருந்தது. விசிறியைக் கழற்றிப் பார்த்தபோது முன் தகடுகளின் விளிம்பில் சாம்பல் நிறத்தில், ஈரப்பதனோடு சேர்ந்து பிடித்த கம்பளி போல ஒரு படலம். புளோவர் மட்டும் அதை அசைக்காது; பெயின்ற் அடிக்கும் இரண்டங்குலத் தூரிகையால் மேலிருந்து கீழே தேய்த்துவிட்டு, விசிறி இதழை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும். இப்போது சோளக காலத்தில் ஆறு கிழமைக்கு ஒருமுறை செய்கிறேன். விசிறியைப் பிடித்திருக்கும் கம்பிக் கொளுவிகள் விரலைப் பதம் பார்க்கும். நடு விசிறியின் கொளுவியைக் குறட்டால் இழுப்பதே நல்லது. கடற்காற்றில் கேசிங்கின் திருகாணிகள் துருவேறிவிட்டன. நிக்கல் பூசிய அடித்தளத்திலும் தகடுகளிலும் மூன்று வருடத்தில் ஒரு புள்ளி கூட இல்லை.

என் பெரிய தவறு இந்த வருடம் மாசியில் நடந்தது. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசும் பசையைப் புதுப்பிப்போம் என்று, முதல் நாள் இரவு அணைத்துக் குளிர்ந்து கிடந்த கணினியைத் திறந்து, இரண்டு திருகாணிகளையும் கழற்றி, கூலரை நேரே மேலே தூக்கினேன். ‘டக்’ என்றொரு சத்தம். கூலரோடு பிராசசரும் வந்துவிட்டது. சொக்கெட்டில் பிராசசரைப் பூட்டும் நெம்பு பூட்டியபடியே இருந்தது. என் கணினியில் உள்ள ஏஎம்4 வகைச் சொக்கெட்டில் பிராசசரை மேலிருந்து பிடிக்கும் சட்டம் கிடையாது. பழைய பசை சொக்கெட்டைவிடப் பலமாகப் பிடித்திருந்தது. பிராசசரின் அடியில் உள்ள 1,331 ஊசிக் கால்களில் ஒரு மூலையில் ஆறு வளைந்திருந்தன. மேசை விளக்கின் கீழ், வரிசைகளுக்கு நடுவே சவர பிளேட்டின் விளிம்பை நுழைத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்த ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. மனைவி தேநீரை வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். பிழைத்துக்கொண்டது. ஏஎம்4 வைத்திருப்பவர்கள் கழற்றும் முன் பத்து நிமிடம் கணினியைச் சுமையில் ஓட்டிப் பசையை இளக்கி, அணைத்து மின்னிணைப்பைப் பிடுங்கியபின், கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிடி விட்ட பிறகே தூக்கவேண்டும்.

இன்று வாங்குவதாயின் இதையே வாங்குவேனா என்று ஸ்ரான்லி வீதியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். ஆறு கோர், எட்டுக் கோர் வைத்து விளையாடுபவருக்கும் படிப்பவருக்கும் தேவையில்லை. 155 மில்லிமீற்றர் உயரமும் ஆறு வெப்பக் குழாய்களும் உள்ள தேர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈ, இதன் விலையில் ஒரு சிறு பங்குக்கு, சில பாகை வித்தியாசத்தில் அதே வேலையைச் செய்கிறது. அதன் விசிறி 120 மில்லிமீற்றர் என்பதால் பழுதானால் பக்கத்துக் கடையிலேயே மாற்று எடுக்கலாம். டி15 இன் 140 மில்லிமீற்றர் விசிறியை யாழ்ப்பாணத்தில் நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. இரவுகளில் முழுச் சுமையும், பகலில் அமைதியும் தேவைப்படும் என்னைப் போன்றவருக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன். அதுவும் வெளியில் இருந்து கொண்டுவர ஒருவர் இருந்தால்.

கொக்குவிலுக்கு ஒரு வேலைக்காகக் கணினியை ஓட்டோவில் ஏற்றியபோது, மதர்போர்ட் கீழும் கூலர் மேலுமாகக் கேசிங்கைப் படுக்க வைத்து மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். நிமிர்த்தி வைத்து நம் ஒழுங்கைகளின் குழிகளில் இறக்க இந்தப் பாரத்துக்கு நான் துணியமாட்டேன். அடுத்த வருடம் புதிய சொக்கெட்டான ஏஎம்5 க்கு மாறும் எண்ணம் இருக்கிறது. அங்கே பிராசசரை இரும்புச் சட்டம் பிடித்திருக்கும், இந்தக் கூலரின் ஏஎம்4 பொருத்திகளே அதற்கும் சரிவரும். மச்சான் தந்த பற்றுச்சீட்டை யூபிஎஸ்ஸின் உத்தரவாத அட்டையோடு கோர்த்து வைத்திருக்கிறேன். கூலரின் உத்தரவாதம் 2028 ஆவணி வரை செல்லும்.