பாட்டும் செய்கையும்: கடையில் கிடைப்பவற்றில் எது உதவும்?

மழலையர் பாட்டு என்று விற்பவை பெரும்பாலும் நான்கு வகை: விடியோ, பாட்டு ஏற்றிய சின்ன ஸ்பீக்கர், சுவர் சார்ட், விரல் பொம்மை. இவற்றை நாங்கள் எடைபோடும் அளவுகோல் ஒன்றுதான். பாட்டு ஓடும்போது குழந்தையின் கை அசைகிறதா, கண் மட்டும் அசைகிறதா?

விடியோ இதில் தோற்கிறது. ‘கை வீசம்மா’ பாட்டுக்குக் குழந்தை முதல் வீச்சைத் தொடங்கும் முன்பே திரையில் காட்சி மாறிவிடுகிறது. கை நின்றுபோகும், வாய் திறந்தபடி இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் செய்கை முதலில் வரும், சொல் பின்னால் வரும். இரண்டுக்கும் அவகாசம் வேண்டும். விடியோதான் கையில் இருக்கிறது என்றால் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள், ஆட்டோபிளேயை நிறுத்துங்கள், போனைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் விடுங்கள். இரண்டு வயது நிறையும்வரை திரை வேண்டாம், அதன்பின் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

ஸ்பீக்கர் பரவாயில்லை, ஆனால் வாங்கும்போது பாட்டை நடுவில் நிறுத்தும் பொத்தான் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் அடுத்த பாட்டுக்குத் தாவும் பொத்தான் மட்டுமே இருக்கும். ‘நண்டூருது நரியூருது’ விளையாட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைகிறோம், ஒவ்வொரு விரலாக மடக்குகிறோம், பிறகு நண்டு மெல்ல மெல்லக் கைமேல் ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிறது. அடுத்து வரப்போவதை எதிர்பார்த்துக் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரம்தான் இதில் விலைமதிப்பற்றது. நிற்காமல் ஓடும் ஒலிப்பதிவு அதை விழுங்கிவிடும்.

சார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே தாளில் முப்பது பாட்டு அச்சிட்டது பெரியவர்களுக்கானது. ஒரு பாட்டு, மூன்று நான்கு பெரிய படம், குழந்தையின் கண் மட்டத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடியில் மாட்டினால் போதும்.

விரல் பொம்மை எங்களுக்குப் பிடித்தது. பெரியவர் விரலுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். கண்ணும் மூக்கும் பசையால் ஒட்டியிருந்தால் வேண்டாம். பிய்ந்து வாய்க்குள் போகும். நூலால் தைத்ததே நல்லது. எண்ணும் பாட்டுக்குப் புளியங்கொட்டை கொடுப்பதும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்து. அவர்கள் விரலே போதும். ஒன்று முதல் பத்து வரை ராகத்தோடு ஒப்பிப்பதை எண்ணத் தெரிந்ததாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு விரல் மடங்குகிறதா என்பதே சோதனை.

எதை வாங்கினாலும் நடத்துபவர் செய்யும் பிழைகள் பொதுவானவை. குழந்தைகளைப் பார்த்து நின்று வலக்கையைத் தூக்கினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர்கள் இடக்கையைத் தூக்குவார்கள். ஆகவே ‘வலக்கை’ என்று பாடும்போது உங்கள் இடக்கை உயர வேண்டும். ஒருவர் கை மற்றவர்மேல் இடிக்காத இடைவெளியும் தேவை. வாரத்துக்கு ஒரு புதிய பாட்டுக்கு மேல் வேண்டாம்: முதல் நாள் செய்கை மட்டும், மறுநாள் மெதுவாகப் பாட்டு, பிறகு இரண்டும் சேர்த்து.

வயதுக்கேற்ற செய்கையை, குழந்தைப் பருவங்களைப் பாடும் நம் பிள்ளைத்தமிழ் இலக்கியம் முன்பே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது: ஐந்தாம் மாதம் செங்கீரைப் பருவத்தில் அசைந்தாடுவது, ஒன்பதாம் மாதம் சப்பாணிப் பருவத்தில் கைகொட்டுவது, பிறகு அம்புலியை (நிலாவை) அழைப்பது. கைக்குழந்தைக்குப் பாட்டு தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழிகாட்டி கடையில் கிடையாது.

பாட்டு பழகியதும் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்தி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சொல் வராமல் கை மட்டும் அசைந்தாலும் அது பதில்தான். அந்தச் சொல்லை நீங்கள் சொல்லி முடித்து, அடுத்த வரிக்குப் போங்கள்.